மழை எட்டாத மலைகள்: லடாக் குளிர்பாலையைப் பற்றி ஓர் அறிமுகம்



ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இராணுவத்தில் பணிபுரியும் மகனைப் பெற்ற ஒரு தாய் என்னிடம் வந்தார். மகன் லடாக்கில் இருக்கிறார். முந்தின இரவுதான் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். “சாமி, கண்ணுக்கு எட்டுன தூரம் மலையாம், உச்சியெல்லாம் பனியாம். ஆனா மழையே கிடையாதாம், புல்லு பூண்டு இல்லையாம், பாலைவனம்னு சொல்றான். இவ்வளவு பனி இருக்கிற மலை எப்படி சாமி பாலைவனம் ஆகும்?” என்று கேட்டார்.

வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் அல்ல இது. நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்த மலைகளில் காவல் நிற்கிறார்கள். விடுமுறைக்குச் சுற்றுலா போய் வருகிறவர்களும் இப்போது அதிகம். ஆகவே அந்த மலைகளைப் பற்றி நான் படித்தறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். தண்ணீரை நம்பி வாழும் நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

பாலை என்றால் மணல் மட்டுமா?

விவிலியத்தில் பாலைநிலம் என்று வாசிக்கக் கேட்கும்போது நம் மனக்கண்ணில் மணல்மேடும் ஒட்டகமும்தான் தோன்றும். ஆனால் மோசே ஏறிய மலை என்று மரபு காட்டும் சீனாய்ப் பகுதியின் ஜெபல் மூசா, 2,285 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலை. குளிர்காலத்தில் அங்கே சில நேரம் பனியும் பெய்வதுண்டு. நம் ஆண்டவர் நாற்பது நாள் நோன்பிருந்த யூதேயப் பாலைநிலமும் பெரும்பாலும் பாறைக் குன்றுகளும் பள்ளங்களும் நிறைந்த பகுதியே.

ஓரிடம் பாலையா இல்லையா என்பதை மணலோ வெப்பமோ தீர்மானிப்பதில்லை. அங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்பதே தீர்மானிக்கிறது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டுபோனால் அதுவே பாலை என்று நம் பழந்தமிழர் வகுத்ததும் இந்த உண்மையை ஒட்டியதுதான். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. லடாக்கின் தலைநகரான லே நகரில் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். இராஜஸ்தானின் தார் பாலையில் உள்ள ஜெய்சல்மேரில் பெய்வதைவிடவும் இது குறைவு. வறட்சியும் கடுங்குளிரும் ஒன்றாக இருப்பதால் இதைக் குளிர்பாலை என்கிறார்கள்.

இருப்பிடமும் மக்களும்

லடாக் இந்தியாவின் வடகோடியில் உள்ளது. ஜம்மு காஷ்மீர் மாநிலத்தின் ஒரு பகுதியாக இருந்து, 2019 அக்டோபர் 31 அன்று தனி ஒன்றியப் பகுதி ஆனது. நம் நிர்வாகத்தில் உள்ள அதன் பரப்பு ஏறத்தாழ 59,000 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 2,74,289 பேர் மட்டுமே. தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் என்றால், லடாக்கில் ஐந்து பேர்கூட இல்லை.

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான நீலகிரியின் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கே கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் இருக்கிற இடமே நம் மாநிலத்தின் உச்சியைவிட எண்ணூறு மீட்டருக்கு மேல் உயரம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதனால்தான் விமானத்தில் போய் இறங்குகிறவர்களை முதல் ஓரிரு நாள் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். அந்த அறிவுரையை மீறியதால் உயிருக்கே ஆபத்தானவர்களும் உண்டு.

மக்களில் பெரும்பாலோர் பௌத்தர்களும் இஸ்லாமியரும் ஆவர். கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. நம் திருஅவையில் இப்பகுதி ஜம்மு-ஸ்ரீநகர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 

வரைபடத்தில் லடாக் பெயர்களைப் பார்க்கும்போது சில சொற்கள் தெரிந்திருந்தால் எளிது. ‘லா’ என்றால் கணவாய். ‘சோ’ என்றால் ஏரி. ‘கங்ரி’ என்றால் பனிமலை. ‘சூ’ என்றால் தண்ணீர். லடாக் என்ற பெயருக்கே கணவாய்களின் நாடு என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

அடுத்தடுத்து நிற்கும் நான்கு தொடர்கள்

லடாக் ஒரே மலை அல்ல. தெற்கிலிருந்து வடக்கே போனால் அடுத்தடுத்து நான்கு மலைத்தொடர்களைக் கடக்க வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒரே திசையில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, வரிசையாக எழுப்பிய மதில்கள்போல நிற்கின்றன.

முதலாவது பெரிய இமயம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறவர்கள் இதை 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி லா கணவாய் வழியாகக் கடக்கிறார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஊசியிலைக் காடுகளும் புல்வெளிகளும் இருக்கும். அந்தப் பக்கம் இறங்கினால் மரமற்ற மலைகள் தொடங்கிவிடும். 

இரண்டாவது சன்ஸ்கார் தொடர். சுரு, சன்ஸ்கார் பள்ளத்தாக்குகளை ஒட்டி நுன் (7,135 மீட்டர்), குன் (7,077 மீட்டர்) என்னும் இரட்டைச் சிகரங்கள் நிற்கின்றன. சன்ஸ்கார் ஆறு குளிர்காலத்தில் உறைந்துவிடும். சாலை இல்லாத காலத்தில் அந்த உறைந்த ஆற்றின் மேலேயே மக்கள் நடந்து லே நகருக்கு வந்து போனார்கள்.

மூன்றாவது லடாக் தொடர். ஏறத்தாழ 370 கிலோமீட்டர் நீளமுள்ளது. இதற்கும் சன்ஸ்கார் தொடருக்கும் இடையில்தான் சிந்து நதி ஓடுகிறது. திபெத்தில் கயிலை மலைப் பகுதியில் பிறக்கும் சிந்து இந்தப் பள்ளத்தாக்கின் வழியே வருகிறது. நிம்மு என்ற இடத்தில் சன்ஸ்கார் ஆறு அதனோடு கலக்கிறது. லே நகரமும் பழைய மடங்களும் பெரும்பாலான ஊர்களும் சிந்து பள்ளத்தாக்கையும் அதில் வந்து சேரும் சிற்றோடைகளையும் ஒட்டியே அமைந்துள்ளன. லேயிலிருந்து வடக்கே போக 5,359 மீட்டர் உயரத்தில் உள்ள கார்துங் லா கணவாயைத் தாண்ட வேண்டும்.

நான்காவது காரகோரம். லடாக் தொடருக்கும் இதற்கும் இடையில் ஷியோக் ஆறும் நுப்ரா ஆறும் ஓடுகின்றன. உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே-2 காரகோரம் தொடரைச் சேர்ந்ததே. ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாறும் இங்கேதான் உள்ளது. பனியாறு என்பது காலங்காலமாக விழுந்து இறுகிய பனி, பெரிய கட்டியாகி மலைச்சரிவில் மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பது. நுப்ரா ஆறு சியாச்சின் உருகும் நீரிலிருந்தே பிறக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே ஏற்பட்ட பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நம் இல்லங்களுக்கு இந்த மலைகள் எவ்வளவு நெருக்கமானவை என்பதை உணர்த்திய நாட்கள் அவை.

கிழக்கே திபெத்தை ஒட்டிச் சாங்தாங் என்னும் உயர்ந்த சமவெளி பரந்து கிடக்கிறது. அங்கே ஆறுகள் கடலுக்குப் போக வழியின்றி ஏரிகளில் முடிகின்றன. திரைப்படங்களில் பலர் பார்த்திருக்கும் பாங்காங் சோ ஏரி அப்படிப்பட்டதே. ஏறத்தாழ 134 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியின் நீர் உப்புக் கரிக்கும். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிவிடுவதே காரணம்.

கடலடியில் இருந்த நிலம்

இம்மலைகளின் பாறைகளில் கடல்வாழ் உயிரினங்களின் படிமங்கள் கிடைக்கின்றன. இன்று 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள பாறை ஒரு காலத்தில் டெதிஸ் என்று அழைக்கப்படும் கடலின் அடியில் இருந்தது. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசிய நிலத்தட்டோடு மோதியது. இடையில் இருந்த கடல் மறைந்தது, அதன் அடிப்பகுதி மடிந்து மேலெழுந்தது. இரண்டு நிலத்தட்டுகளும் சேர்ந்த தையல்கோடு சிந்து பள்ளத்தாக்கை ஒட்டியே செல்கிறது. அந்த மோதல் இன்னும் முடியவில்லை, இமயம் இன்னும் உயர்ந்துகொண்டே இருக்கிறது. பூகா பள்ளத்தாக்கில் பனிக்கு நடுவே வெந்நீர் ஊற்றுகள் பொங்குவதும், அங்கே நிலநடுக்கங்கள் ஏற்படுவதும் பூமிக்கடியில் நடக்கும் இந்த அசைவுகளின் அடையாளங்களே.

மண்ணை மூடும் செடிகொடிகள் இல்லாததால் பாறைகளின் நிறங்கள் அப்படியே தெரியும். ஒரு மலை ஊதா, அடுத்தது பச்சை, அதற்கடுத்தது காவி என்று பூமியின் வரலாற்றைப் புத்தகத்தின் பக்கங்களாகப் பிரித்து வைத்தாற்போல இருக்கும். லாமாயுரு என்ற ஊரருகே மஞ்சள் நிறத்தில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் நிலம், முன்னொரு காலத்தில் அங்கிருந்த ஏரியின் அடிவண்டல்.

மழை ஏன் எட்டவில்லை?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலையில் ஏற ஏறக் காற்று குளிர்ந்து, கேரளப் பக்கத்தில் பெருமழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் பாலக்காடு நனையும் காலத்தில் கோயம்புத்தூருக்குக் கிழக்கே உள்ள ஊர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதை மழைமறைவுப் பகுதி என்கிறோம்.

லடாக்கிலும் இதுவே நடக்கிறது. ஆனால் தடுப்பது இரண்டாயிரம் மீட்டர் மலை அல்ல. ஆறாயிரம் ஏழாயிரம் மீட்டர் உயரமுள்ள இமயம். வங்கக்கடலிலிருந்தும் அரபிக்கடலிலிருந்தும் வரும் மேகங்கள் இமயத்தின் தென்சரிவிலேயே தங்கள் சுமையை இறக்கிவிடுகின்றன. தாண்டி வருவது வறண்ட காற்றே. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று கொஞ்சம் பனியைக் கொண்டு வருகிறது. அது தாழ்வான ஊர்களில் குறைவாகவும், உயர்ந்த சிகரங்களில் கூடுதலாகவும் விழுகிறது. கடுங்குளிரால் உச்சியில் விழுந்த பனி எளிதில் உருகுவதில்லை. ஆண்டாண்டு காலமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்ததையே நாம் வெள்ளைச் சிகரங்களாகப் பார்க்கிறோம்.

ஆக, பனி நிறைய இருப்பதுபோல் தோன்றுவது நிறையப் பெய்வதால் அல்ல. கொஞ்சமாகப் பெய்தது நெடுங்காலம் கரையாமல் இருப்பதால்தான். ஏழை வீட்டுப் பானையில் கொஞ்சம் அரிசி தெரிந்தால் அது விளைச்சல் மிகுதியைக் காட்டாது, சிக்கனத்தைத்தான் காட்டும் அல்லவா? அதுபோலவே இந்தப் பனியும்.

இந்த வறட்சியால் ஒரு நன்மையும் உண்டு. மேகமும் ஈரப்பதமும் குறைந்த வானம் மிகத் தெளிவாக இருக்கும். சாங்தாங் பகுதியில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனம் ஒரு வானாய்வகத்தை நடத்துகிறது. நம் வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஓசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் தொடர்பு வழியாகவே இயக்குகிறார்கள்.

பனி உருகினால்தான் பயிர்

மழை இல்லாத மலையில் மனிதர் வாழ்வது எப்படி? கோடையில் உச்சிப் பனியும் பனியாறுகளும் உருகி ஓடைகளாக இறங்குகின்றன. ஓடை மலையிலிருந்து வெளிவரும் இடத்தில் மண்ணும் கல்லும் சேர்ந்த விசிறி போன்ற நிலம் இருக்கும். அங்கேதான் ஊர். வாற்கோதுமை, பட்டாணி, சர்க்கரைப் பாதாமி மரங்கள், வேலி ஓரத்தில் பாப்லர் மரங்கள் என்று அந்த ஓடை எட்டுகிற தூரம் வரை பச்சை. வாய்க்கால் முடிகிற இடத்தில் பச்சையும் கோடு போட்டதுபோல் முடிந்துவிடும். அதற்கப்பால் கல்தான். பயிர் செய்ய முடியாத சாங்தாங்கில் சாங்பா மக்கள் கூடாரங்களோடு இடம் மாறி, யாக் எருதுகளையும் பஷ்மினா கம்பளி தரும் ஆடுகளையும் மேய்த்து வாழ்கிறார்கள்.

தண்ணீரைப் பகிர்வதற்கு அம்மக்கள் ஒழுங்கான முறை வைத்திருக்கிறார்கள். வாய்க்காலுக்கு ‘யூரா’ என்று பெயர். இரவில் வரும் நீரைத் தேக்கி வைக்கும் சிறு குளத்துக்கு ‘சிங்’ என்று பெயர். யார் வயலுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை முறைப்படுத்த ஊரார் ஒருவரை நியமிப்பார்கள். அவருக்குச் ‘சூர்பொன்’ என்று பெயர், அதாவது தண்ணீருக்குத் தலைவர். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் அவர் செய்த வேலை இதுவே. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில் இருந்தது. கடைமடைக்காரருக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு.

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நடந்து போனவர்

இம்மலைகளை முதலில் கண்டு எழுதிவைத்த ஐரோப்பியர்களில் நம் இயேசு சபை அருள்பணியாளர்களும் உண்டு. 1631-ல் பிரான்சிஸ்கோ தெ அசவேதோவும் ஜான் தெ ஒலிவேராவும் லே வந்து அரசரைச் சந்தித்தார்கள். பின்னர், இத்தாலியின் பிஸ்தோயா நகரில் பிறந்த இப்போலித்தோ தெசிதேரி, மனுவேல் பிரெய்ரே என்னும் போர்த்துக்கீசிய அருள்பணியாளரோடு 1715 மே மாதம் ஸ்ரீநகரை விட்டுப் புறப்பட்டார். சோஜி லா கணவாயைக் கடந்து, ஏறத்தாழ நாற்பது நாள் நடந்து, ஜூன் இறுதியில் லே வந்து சேர்ந்தார். சாலை இல்லை, ஏற்ற உடை இல்லை, ஆறுகளைக் கடக்கக் கொடிகளால் பின்னிய கயிற்றுப் பாலங்களே இருந்தன.

லடாக் அரசர் அவர்களை அன்போடு வரவேற்றார். தெசிதேரி அங்கேயே தங்கிப் பணியாற்ற விரும்பினார். ஆனால் தலைவரான பிரெய்ரே மேற்கொண்டு போக வேண்டும் என்றார். தெசிதேரி கீழ்ப்படிந்தார். பாலை போன்ற உயர்சமவெளியைத் தனியாகக் கடப்பது உயிருக்கு ஆபத்து. கணவனை இழந்த ஒரு மங்கோலியப் பெண் ஆட்சியாளர் தம் பரிவாரத்தோடு லாசா நோக்கிப் பயணமாகிக்கொண்டிருந்தார். அவர் இவர்களையும் உடன் அழைத்துச் சென்றதால்தான் 1716 மார்ச் மாதம் உயிரோடு லாசா போய்ச் சேர்ந்தார்கள். பௌத்தரான அந்தப் பெண்மணியின் இரக்கத்தைத் தெசிதேரி நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. திபெத்திலிருந்து திரும்பிய தெசிதேரி, பின்னர் தென்னகம் வந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு இயேசு சபையினரின் மறைப்பணியில் சேர்ந்து தமிழ் கற்றார். 1727-ல் ஐரோப்பா திரும்பியபோது, ஓரியூரில் 1693-ல் இரத்தம் சிந்திய நம் அருளானந்தரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் முயற்சிக்கான பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. லடாக் கணவாயையும் தமிழ்நாட்டுச் செம்மண்ணையும் ஒரே மனிதரின் கால்கள் மிதித்திருக்கின்றன.

மாறிவரும் மலை

தெசிதேரி பார்த்த பனி இன்று அப்படியே இல்லை. உலக வெப்பம் உயர்வதால் இமயத்தின் பனியாறுகள் பின்வாங்கி வருகின்றன. லடாக் தொடரில் உள்ளவை சியாச்சின் போன்று பெரியவை அல்ல. பெரும்பாலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த சிறியவை. ஐயாயிரம் மீட்டருக்கு மேலே ஒதுங்கியிருக்கும் இச்சிறு பனியாறுகளை நம்பியே ஒவ்வோர் ஊரும் இருக்கிறது. சிறியது கரைந்தால் அதன் கீழே உள்ள ஊருக்கு வேறு வழியில்லை. சன்ஸ்கார் பகுதியில் கூமிக் என்னும் மிகப் பழைய ஊரில் பனி உருகி வரும் ஓடை வற்றிப்போனது. மக்கள் பரம்பரை வீடுகளை விட்டுக் கீழே ஆற்றோரத்தில் மார்த்தாங் என்ற இடத்தில் புதிய ஊரை எழுப்ப வேண்டியதாயிற்று.

வறட்சி ஒருபுறம் என்றால் வெள்ளம் இன்னொருபுறம். 2010 ஆகஸ்ட் 5-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபோது லே பகுதியில் மேகவெடிப்பு ஏற்பட்டது. நம் ஊரில் மலையில் பெய்யும் மழையைப் புல்லும் மரமும் கொஞ்சமாவது பிடித்து நிறுத்தும். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. வெற்று மலையிலிருந்து சேறும் பாறையும் சேர்ந்து உருண்டு வந்தன. மழையே பெய்யாத ஊர் என்பதால் வீடுகள் பச்சைச் செங்கல்லால், தட்டையான மண்கூரையோடு கட்டப்பட்டிருந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேலை தேடி வந்திருந்த வெளிமாநிலத் தொழிலாளரும் அதில் அடங்குவர்.

மக்களின் வாழ்க்கை முறையும் மாறியிருக்கிறது. 2022-ல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கே சென்றனர். லடாக் வீடுகளில் தண்ணீர் தேவைப்படாத கழிப்பறையே மரபு. கழிவு மண்ணோடு சேர்ந்து எருவாகி வயலுக்குப் போகும். விடுதிகள் பெருகியபின் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளும், அவற்றுக்காக ஆழ்துளைக் கிணறுகளும் பெருகிவிட்டன. ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டர் பெய்கிற மண்ணில் நிலத்தடி நீர் எப்படி ஊறும்?

பனியைச் சேமித்தவர்கள்

அம்மக்கள் கைகட்டி நிற்கவில்லை. விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உயரத்தில் உள்ள பனியாறுகள் நன்றாக உருகுவதோ ஜூனுக்குப் பிறகு. இந்த இடைவெளியில்தான் தண்ணீருக்குத் தவிப்பு. குளிர்காலத்திலோ சிறு ஓடைகளின் நீர் எவருக்கும் பயன்படாமல் ஓடிப்போகிறது. அரசுப் பொறியாளராக இருந்த செவாங் நோர்பெல் இதைக் கவனித்தார். 1987-ல் ஃபுக்சே கிராமத்தில், ஓடை நீரை மலையின் நிழல்பக்கமாகத் திருப்பி, படிப்படியாகச் சிறு கல்சுவர்கள் கட்டி, நீர் மெல்லப் பரவி அடுக்கடுக்காக உறையச் செய்தார். இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வில், ஊருக்கு அருகிலேயே இருப்பதால் அது முன்னதாகவே, விதைப்புக் காலத்திலேயே உருகியது. 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அதே எண்ணத்தைச் சோனம் வாங்சுக் என்னும் பொறியாளர் 2013-14 குளிர்காலத்தில் வேறு விதமாகச் செய்து பார்த்தார். மேலிருந்து குழாய் வழியாக நீரைக் கொண்டுவந்தால், எந்த மோட்டாரும் இன்றி அதன் அழுத்தத்தாலேயே கீழே பீய்ச்சி அடிக்கும். கடுங்குளிர் இரவில் அந்தத் தூவல் விழும்போதே உறைந்து, கோபுரம்போல் கூம்பாக உயரும். பரவிக் கிடக்கும் பனியைவிடக் கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் மெதுவாகக் கரையும். முதல் கூம்பு மே மாதம் வரை நின்றது. இதைப் பனி ஸ்தூபி என்கிறார்கள்.

இவை புதிதாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை. ஒரு பருவத்தில் வீணாகும் நீரைத் தேவைப்படும் பருவத்துக்கு நகர்த்தி வைக்கின்றன, அவ்வளவே. மலையில் பனி விழுவது குறைந்துகொண்டே போனால் இந்த முயற்சிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2025-ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாக அறிவித்ததும் இந்தக் கவலையால்தான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2015-ல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் தூய குடிநீரை மனிதரின் அடிப்படை உரிமை என்று எடுத்துரைத்தார்.

நம் ஊருக்கு வருவோம்

அன்பார்ந்தவர்களே, வழிப்போக்கர் தங்குமிடத்துக்கே சத்திரம் என்று பெயர். தண்ணீர் இல்லாத இடத்தில் எவரும் சத்திரம் வைப்பதில்லை. நம் ஊரின் பெயரே இங்கே ஒரு காலத்தில் பிறருக்கும் கொடுக்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்ததைச் சொல்லாமல் சொல்கிறது. லடாக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக நமக்கு மழை பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே அவர்களுடைய ஓராண்டு மழை நமக்குக் கிடைத்துவிடுகிறது. இருந்தும் பங்குனி பிறந்தால் தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிறோம். ஏரிக்கு வரும் வரத்துக்கால் எங்கே என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்குக் காட்டத் தெரியவில்லை. சில இடங்களில் அதன் மேலேயே வீடு கட்டியிருக்கிறோம்.

அவர்களுக்கு ஏரி மலையுச்சியில் பனியாக இருக்கிறது. நமக்கு மலை இல்லை, கரை கட்டிய ஏரிதான் மலை. நம் முன்னோரும் ஒரு பருவத்து நீரை இன்னொரு பருவத்துக்கு நகர்த்தி வைக்கத்தானே ஏரி வெட்டினார்கள்? வரும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, நம் அன்பியங்கள் ஊர்ப் பெரியவர்களோடும் ஊராட்சியோடும் சேர்ந்து, சாதி மத வேறுபாடு பாராமல், வரத்துக்கால்களைத் தூர்வார முன்வந்தால் அது நல்ல செபமாக அமையும். கோவில் வளாகத்தில் உள்ள மழைநீர்த் தொட்டியையும் இளையோர் சுத்தம் செய்து தர வேண்டுகிறேன்.

கேள்வி கேட்ட அந்தத் தாயிடம் மறுவாரம் சுருக்கமாகப் பதில் சொன்னேன். “அம்மா, அந்தப் பனி இந்த வருசத்து மழை இல்ல. தாத்தன் பாட்டன் காலத்துல விழுந்தது. அதை எடுத்துத்தான் இன்னிக்கும் குடிக்கிறாங்க.” அவர் சிறிது நேரம் யோசித்தார். “அப்போ பேரப் பிள்ளைங்களுக்கு எது சாமி?” என்றார்.

அந்தக் கேள்விக்கு நாம் எல்லாரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். பனிமலைகளில் காவல் நிற்கும் நம் பிள்ளைகளுக்காகவும், ஒரு சிற்றோடையை நம்பி வாழும் அம்மலை மக்களுக்காகவும் இவ்வாரத் திருப்பலியில் சிறப்பாக மன்றாடுவோம்.

அன்புடன்,
உங்கள் பங்குப் பணியாளர்,
கனகம்மாசத்திரம்